நூல்கண்டு ஓட்டிய பஸ்

சுதந்திரம் வருவதற்கு முந்திய இரண்டு மூன்று வருடங்களில், மலாக்காவில் எது நேர், எது கோணல் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் ஒரே ஒரு மனிதரிடம் இருந்தது. அவர் வெள்ளைக்கார அதிகாரியும் அல்ல, நீதிபதியும் அல்ல. காஜா பேராங்கில் எங்கள் பஸ் கம்பெனியின் கொட்டகையில் எண்ணெய்க் கறைச் சட்டையோடு திரிந்த மெக்கானிக். சம்பளப் புத்தகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் நூல்கண்டு.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல்கண்டு இருக்கும். நூலின் நுனியில் ஒரு பெரிய நட்டு தொங்கும். பஸ்ஸின் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க, பின் சக்கரத்தையும் முன் சக்கரத்தையும் சேர்த்து அந்த நூலைக் கட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் மண்டியிட்டிருப்பார். அதோடு நின்றிருந்தால் நல்ல மெக்கானிக் என்று பெயர் வாங்கியிருப்பார். அவரால் நிற்க முடியவில்லை. சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட்டுக்கு நின்ற வரிசையை நூல் பிடித்துப் பார்த்து, ஏழாவது ஆளை அரையடி உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார். அந்த ஆளும் நின்றார். தெங்கேராவில் ஒரு சாவு வீட்டில் பாடையைத் தூக்கி நாலடி நடந்தவர்களை நிறுத்தி, முன்பக்கம் இடது மூலை இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்துகொண்டு மறுபடி அழுதார்கள்.

இவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. லைசென்ஸும் கிடையாது. கொட்டகைக்கு சைக்கிளில்தான் வருவார். ஆனால் ஓட்டுவதைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது.

"வண்டிக்குப் போற வழி தெரியும் தம்பி. நடுவுல ஒருத்தன் உக்காந்து ஸ்டேரிங்கப் புடிச்சு அதக் கொழப்பிட்டிருக்கான். அவன எடுத்துட்டா வண்டி சொகமாப் போயிரும்."

இதை அவர் என்னிடம் சொல்லும்போதெல்லாம், அந்த 'ஒருத்தன்' இரண்டு கஜ தூரத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். அவர்தான் டிரைவர் சாமிக்கண்ணு. நான் அவருடைய பஸ்ஸில் கண்டக்டர். டவுனில் கிளம்பி, தெங்கேரா, காஜா பேராங் வழியாக குருபோங் ரப்பர் தோட்டங்கள் வரை ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போய்வருவோம்.

நூல்கண்டும் சாமிக்கண்ணும் பேசிக்கொள்வதில்லை. ஒரு நாள் சாமிக்கண்ணு வந்து வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நூல்கண்டு மூன்று தடவை நூல் கட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி இழுக்கல. நீதான் இழுக்குற" என்றிருக்கிறார். அன்றோடு பேச்சு முடிந்தது. இரண்டு வருடமாக ஒரே கடையில், ஒரே மேஜையில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசாமல் இருந்தார்கள். பேச வேண்டியதை எல்லாம் நடுவில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் பேசினார்கள்.

"அந்த ஆளுகிட்ட சொல்லு, பிரேக்குல காத்து நிக்கிதுன்னு" என்பார் சாமிக்கண்ணு.

"அண்ணே, பிரேக்குல காத்து நிக்கிதாம்."

"காத்து பிரேக்குல இல்ல, அவர் மண்டைக்குள்ள நிக்கிதுன்னு சொல்லு."

"அண்ணே, பாக்கறேன்னு சொல்றாரு."

இப்படி நான் கொஞ்சம் கழித்தும் கூட்டியும் கொண்டுபோனதால்தான் அந்த பஸ் ஓடியது என்பது என் எண்ணம். எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய் இல்லை.

சுதந்திர வருடத்தின் தொடக்கத்தில் சாமிக்கண்ணு குளிர் ஜுரம் என்று ஒரு மாதம் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது பாதியாக இருந்தார். முதல் நடையிலேயே தெங்கேரா மூலையில் பஸ் திரும்பும்போது எனக்கு அது கண்ணில் பட்டது. இடது கை மட்டும் ஸ்டேரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. வலது கை மடியில் கிடந்தது. அந்தக் காலத்து பஸ் ஸ்டேரிங்கை நீங்கள் பிடித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு கைக்கே அது ஆட்டுக்கல் கனம் கனக்கும்.

குருபோங்கில் எல்லாரும் இறங்கிய பிறகு முன்னால் போனேன்.

"என்னண்ணே கை?"

"ஜுரம் போச்சு. கையையும் கூடக் கூட்டிட்டுப் போயிருச்சு." வலது கையை இடது கையால் தூக்கி ஸ்டேரிங் மேல் வைத்தார். அது வைத்த இடத்தில் இருந்தது. "பலம் வந்தாலும் வரும், வராட்டியும் வராதுன்னாரு டாக்டர். வேலை குடுத்துக்கிட்டே இருக்கணுமாம்."

"தவுக்கேகிட்ட சொல்லி லேசான வேலை எதாச்சும்..."

"தவுக்கேக்குத் தெரிஞ்சா வேலை இல்ல. வேலை இல்லன்னா வீடு இல்ல. அஞ்சு புள்ளைங்கள கூட்டிட்டு எங்க போறது? நீ வாயத் தொறக்காத. அது போதும்."

தவுக்கே என்றால் எங்கள் சீன முதலாளி. சாமிக்கண்ணு இருந்தது கம்பெனி வீடு. நான் சத்தியம் செய்து கொடுத்தேன். என் ஆயுளில் நான் அவ்வளவு நாள் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது. ஆனால் வாயை மூடி வைத்த எனக்குக் கண்ணை மூடி வைக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் டிரைவரின் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பயணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, வயிற்று வலியா என்று கேட்டார்.

நாலாம் நாள் நூல்கண்டு தவுக்கேயின் அறைக்குள் நுழைந்தார். டிரைவர் தொடாமலே பஸ் தன் பாட்டுக்குப் போக ஒரு மெஷின் செய்யப் போவதாகவும், சாமிக்கண்ணு பஸ்ஸில்தான் அதைப் பூட்டிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். தவுக்கே சிரித்தார். டயர் கோணலாகத் தேயாது என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சரி என்றார். அவருக்குப் பெற்ற பிள்ளைகளுக்கு அடுத்தபடி டயர்தான்.

கடவுளே நூல்கண்டின் பைத்தியத்தை இந்த நேரம் பார்த்து முற்ற வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மெஷின் என்றால் பயந்துவிடாதீர்கள். எங்கள் ரோட்டின் இடது ஓரம் நெடுகிலும் லோங்கான் ஓடும். லோங்கான் என்று நாங்கள் சொல்வது பெரிய சாக்கடை. அதன் கரையில் ஒரு சாண் உயரத்துக்கு சிமென்ட் விளிம்பு. பஸ்ஸின் இடது முன்பக்கத்தில் நூல்கண்டு ஓர் இரும்புக் கையை நீட்டினார். அதன் நுனியில் யாரோ தூக்கிப் போட்ட குழந்தைத் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம். அந்தச் சக்கரம் விளிம்பைத் தொட்டுக்கொண்டே உருளும். பஸ் விளிம்பை விட்டு விலகினால் இரும்புக் கை வெளியே நீளும். உடனே ஒரு ஸ்பிரிங் ஸ்டேரிங் தண்டை இடது பக்கம் இழுக்கும். பஸ் ரொம்ப ஒட்டிப் போனால் கை உள்ளே மடங்கும். ஸ்பிரிங் வலது பக்கம் தள்ளும். சந்து வரும் இடத்தில் விளிம்பு அறுந்துவிடும். அங்கே கை தன் பழைய இடத்துக்கு வந்து நிற்க, பஸ் நேராகத் தாண்டிவிடும். இரும்புக் கையின் மேல் டிரைவர் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சிவப்புத் துணிக் கொடி. கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கொடியும் சாயும்.

சாமிக்கண்ணு கொட்டகையே கேட்கும்படி என்னிடம் சொன்னார். "இருவது வருசமா ஓட்டறேன். தள்ளுவண்டிச் சக்கரத்துகிட்ட நான் பாடம் படிக்க முடியாதுன்னு அந்த ஆளுகிட்ட சொல்லு."

"படிக்க வேணாம்னு சொல்லு. ரெண்டு கையையும் ஸ்டேரிங் மேல வச்சிருந்தாப் போதும். ரெண்டு கையும். ஒண்ணு கொறஞ்சா மெஷின் கெட்டுப் போயிரும். திருப்ப வேணாம். கொடி எங்க போகுதோ கை அதுகூடப் போகணும், அவ்வளவுதான்" என்றார் நூல்கண்டு.

முதல் சோதனை பத்து பெரெண்டாமில் விமானத் திடலுக்குப் பக்கத்து ரோட்டில் நடந்தது. பஸ் அரையடி விலகியது. ஸ்பிரிங் ஒரே இழுப்பாக இழுத்து ஓரடி உள்ளே கொண்டுவந்தது. அது அதிகம் என்று மறுபக்கம் ஒன்றரை அடி தள்ளியது. அரை மைல் தூரம் எங்கள் பஸ் பாம்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. எதிரே வந்த ஆடு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. நான் இறங்கி லோங்கானில் வாந்தி எடுத்தேன்.

"ஸ்பிரிங்குக்கு ஆத்தரம் ஜாஸ்தி" என்றார் நூல்கண்டு. மறுநாள் எங்கிருந்தோ ஓர் எண்ணெய்க் குழாயைக் கொண்டுவந்து ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பூட்டினார். அதன் பிறகு ஸ்பிரிங் பதறாமல் மெதுவாக இழுத்தது. பஸ் நேராகப் போயிற்று. அதுவரை மெதுவாக மூடிக்கொண்டிருந்த எங்கள் ஆபீஸ் கதவு, அதே நாளிலிருந்து படாரென்று அறைந்து மூட ஆரம்பித்தது. காரணம் புரியாமல் கிளார்க் மூன்று மாதம் திடுக்கிட்டுக்கொண்டிருந்தார்.

மழை பெய்தால் சின்னச் சக்கரம் வழுக்கியது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். காஜா பேராங் வளைவில் துள்ளியது. சக்கரத்துக்கு மேல் ஒரு செங்கல்லைக் கட்டினார். சனிக்கிழமைதோறும் மாலையில் ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டு வேறு ஒன்றைப் போட்டார். போன வாரத்து ஸ்பிரிங்கைவிட இந்த வாரத்தது ஒல்லியாக இருப்பது போல எனக்குத் தோன்றும். கேட்டால், "பழகப் பழக இழுவை கொறைக்கணும்" என்பார்.

பிறகு என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். ஆள் ஏற ஏற பஸ் கனக்கும். கனத்தால் ஸ்டேரிங் இறுகும். அப்போது ஸ்பிரிங்குக்கும் பலம் கூட்ட வேண்டும். அதற்காக என் ஸீட்டுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துவிட்டார். கயிற்றில் ஆறு முடிச்சு. பக்கத்தில் ஓர் ஆணி.

"அஞ்சு ஆளுக்கு ஒரு முடிச்சு. ஏறினா இழுத்து மாட்டு. எறங்கினா தளர்த்து. எண்ணிக்கை தப்புச்சோ, பஸ் லோங்கானுக்குள்ள. ஒன் கையிலதான் இருக்கு தம்பி."

என் வாழ்க்கையில் யாரும் எதையும் இவ்வளவு நம்பி என்னிடம் கொடுத்ததில்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். குழந்தை அரை ஆள். அரிசி மூட்டை ஒரு ஆள். டுரியான் பழம் இரண்டு கூடைக்கு ஓர் ஆள், வாசனையைக் கணக்கில் சேர்க்கவில்லை. காஜா பேராங் செட்டி வீட்டு அம்மாள் ஒருவர் தினமும் சந்தைக்குப் போவார். கெபாயா என்னும் மலாய்ச் சட்டையும் கொண்டையுமாக, நல்ல பாரியான உடம்பு. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிமார் வீட்டில் மலாய்தான் பேச்சு. அவர் ஏறியதும் நான் கயிற்றை ஒரு முடிச்சு முழுதாக இழுப்பதைப் பார்த்துவிட்டு, "சாயா பெராப்பா ஓராங்?" என்று கேட்டார். நான் எத்தனை ஆள் என்று அர்த்தம். மரியாதைக்கு ஒன்றரை என்றேன். மூன்று நாள் அவர் என் பஸ்ஸில் ஏறவில்லை.

எண்ணுவதில் நான் மூழ்கிப்போனதால் டிரைவரின் கையைப் பார்ப்பதை மறந்துபோனேன். மாதங்கள் ஓடின. தானாகப் போகும் பஸ் என்று ஊரில் பெயர் பரவி, வேலை இல்லாதவர்கள்கூட ஏறி வேடிக்கை பார்த்தார்கள். சாமிக்கண்ணு கொடியையே பார்த்தபடி, ஸ்டேரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மாமியார் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல உட்கார்ந்திருப்பார்.

சுதந்திர வாரம் வந்தது. எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு வாழைமரம் கட்டி, மாவிலைத் தோரணம், காகிதக் கொடி, பூச்சரம் எல்லாம் போட்டோம். பின்பக்கம் 'மெர்டேக்கா', அதாவது சுதந்திரம், என்று நான்தான் எழுதினேன். எழுத்து கோணல் என்று நூல்கண்டு இரண்டு தடவை அழிக்க வைத்தார்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்த நேரம் அது. மூட்டை கட்டி வைத்திருந்த கல்யாணங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து இறங்கின. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காஜா பேராங் ரோட்டோரம் ஒரு வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தம்பினிலிருந்து தனி பஸ்ஸில் வருகிறார்கள். பஸ் லோங்கானைத் தாண்டி உள்ளே வர வேண்டுமே என்று பெண் வீட்டார் லோங்கான் மேல் கனமான பலகைகளைப் போட்டிருந்தார்கள். வண்டி வழிதவறிக் கீழே இறங்கிவிடக் கூடாது என்று, பலகையின் ஓரத்தில் சிமென்ட் விளிம்பிலிருந்து தொடங்கிப் பந்தல் வரைக்கும் வளைவாக மரக்கட்டைகளை வரிசையாக அடித்திருந்தார்கள். சிமென்டும் மரமும் சேரும் இடத்தில் விரல் நுழைய இடமில்லை. அவ்வளவு நல்ல தச்சன்.

எங்கள் பஸ் வந்தது. சின்னச் சக்கரம் விளிம்பைத் தொட்டபடி உருண்டு, விளிம்பு முடிந்து கட்டை தொடங்கிய இடத்தில் எந்தத் தயக்கமும் இல்லாமல் கட்டையைப் பிடித்துக்கொண்டது. கொடி இடது பக்கம் சாய்ந்தது. பஸ் அழகாக, ஒரு குலுக்கல் இல்லாமல் இடது பக்கம் திரும்பி, பலகையைத் தாண்டி, பந்தல் வாசலில் போய் நின்றது. நான் இருபத்து மூன்றரை ஆளுக்குக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வாழைமரமும் தோரணமுமாக ஒரு பஸ் வந்து நின்றால் கல்யாண வீட்டார் வேறு என்ன நினைப்பார்கள்? நாதஸ்வரக்காரர் எழுந்துவிட்டார். பெண்ணின் அத்தை ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தார்.

"வாங்க வாங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாரும் எறங்குங்க."

முதலில் இறங்கியவர் கோழிக்கூடையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாபா கிழவர், பரம்பரையாக மலாக்காவிலேயே இருக்கும் சீனர். அவருக்குப் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் கொடுத்தார்கள். கோழியை மரியாதையாக வாங்கி நிழலில் வைத்தார்கள். செட்டி வீட்டு அம்மாள், "புக்கான் பெஙான்தின், புக்கான்" என்று கையை ஆட்டி, இது மாப்பிள்ளை வீடு இல்லை என்று விளக்கிப் பார்த்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா கூச்சப்படுகிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகு அவரும் மேற்கொண்டு மறுக்கவில்லை. எங்கள் பயணிகள் இருபத்து மூன்று பேரும் சர்பத் குடித்துக்கொண்டிருந்தபோது, நிஜ மாப்பிள்ளையின் பஸ் பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது.

அதை அனுப்பியதும் எங்கள் கம்பெனிதான். அந்த மரியாதைக்குத் தவுக்கேயைக் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள். அவர் பந்தலில் கையில் ஆரஞ்சுத் தண்ணீரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக எழுந்து வந்தார்.

"சியாபா பாவா?"

யார் ஓட்டியது என்று கேட்கிறார். சாமிக்கண்ணு நெற்றியில் ஆரத்திப் பொட்டோடு ஸீட்டில் விறைத்துப்போய் இருந்தார். ஏன் திருப்பவில்லை என்றார் தவுக்கே. கை இரண்டு இருக்கிறதே, ஒன்றையாவது போட்டு ஸ்டேரிங்கை வலது பக்கம் இழுத்திருக்கலாமே என்று மலாயில் கேட்டார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன்.

அப்போது, சேதி கொட்டகைக்கு எட்டி, நூல்கண்டு சைக்கிளில் வந்து சேர்ந்தார். யாரையும் பார்க்காமல் நேராகக் கட்டையிடம் போய், நூலைப் பிரித்து, மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை மூடினார். கல்யாணக் கூட்டமே காத்திருந்தது.

"நல்ல தச்சன்" என்றார். பிறகு எழுந்து தவுக்கேயிடம் வந்தார். "டிரைவர் மேல குத்தமில்ல, தவுக்கே. ஸ்டேரிங்கத் திருப்பக் கூடாதுன்னு நாந்தான் சொல்லியிருந்தேன். மெஷின் என்னுது. தப்பும் என்னுது."

தவுக்கே மெஷினை அன்றைக்கே கழற்றச் சொன்னார். நூல்கண்டு இனி ரிப்பேர் வேலையைத் தொடக் கூடாது, பஸ் கழுவினால் போதும் என்றார். மறுநாள் காலை முதல் நடையில் தானே முன் ஸீட்டில் உட்கார்ந்து வருவதாகவும், மெஷின் இல்லாமல் சாமிக்கண்ணு ஓட்டும் லட்சணத்தைப் பார்த்துவிட்டு அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வதாகவும் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை நான் கொட்டகைக்கு ஓடினேன். நூல்கண்டு வாளியும் துணியுமாக நின்றுகொண்டிருந்தார். இரும்புக் கை தரையில் கிடந்தது. சத்தியம் காற்றில் பறந்தது.

"அண்ணே, அத மறுபடி மாட்டுங்க. ஒங்களுக்குத் தெரியாது. அவருக்கு வலது கை..."

"தெரியும்."

"எப்பருந்து?"

"அவர் லீவு முடிஞ்சு வந்த மூணாம் நாளே. பஸ்ஸ தொடைக்கும்போது பாத்தேன். ஸ்டேரிங்ல இடது பாதி பளபளன்னு இருக்கு, வலது பாதியில தூசி." வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு ஸ்பிரிங்கை எடுத்தார். பேனா மாதிரி ஒல்லியாக இருந்தது. "இதான் கடைசி ஸ்பிரிங். கழட்டி மூணு வாரம் ஆச்சு. மூணு வாரமா மெஷின்ல ஸ்பிரிங்கே கெடையாது. கொடி மட்டுந்தான் ஆடிட்டிருந்துச்சு."

எனக்குப் புரிய நேரம் ஆயிற்று. "அப்ப நேத்து கல்யாண வீட்டுக்குள்ள பஸ்ஸத் திருப்பினது யாரு?"

"அத போய் அந்த ஆளுகிட்ட கேளு."

நான் கிளம்பினேன். ஒரு சந்தேகம் வந்து திரும்பினேன். "ஸ்பிரிங்கே இல்லாதப்ப நான் எதுக்குண்ணே கயிறு இழுத்துட்டிருந்தேன்?"

"அந்தக் கயிறு எதுலயும் கட்டல தம்பி. பலகைக்கு அடியில ஆணி அடிச்சு விட்டிருக்கேன். மொத நாள்லேருந்தே." கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னார். "நீ வளைவுக்கு வளைவு அவர் கையையே மொறைச்சுப் பாத்துட்டு நின்னே. ஒன் மூஞ்சியப் பாத்தே ஊருக்குத் தெரிஞ்சிருக்கும். அதான் ஒரு வேலை குடுத்தேன்."

ஐந்து மாதம். ஐந்து ஆளுக்கு ஒரு முடிச்சு. ஒரு நல்ல அம்மாளை ஒன்றரை ஆள் என்று சொல்லிப் பகைத்துக்கொண்டேன். அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றும் இருந்தது, காலில் விழ வேண்டும் என்றும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை. தவுக்கேயின் கார் வாசலில் வந்து நின்றது.

சாமிக்கண்ணு ஸீட்டில் ஏறி வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலண்டை போய், நூல்கண்டு சொன்னதைச் சொன்னேன். கழிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. என் தூது வாழ்க்கையில் அப்படிச் சொன்னது அன்றுதான். அவர் கேட்டுவிட்டு வலது கையை மெதுவாகத் தூக்கினார். இடது கை உதவிக்கு வரவில்லை. விரல்களை மடக்கி விரித்துவிட்டு, ஸ்டேரிங்கைப் பிடித்தார்.

பஸ் கிளம்பியது. தவுக்கே முன் ஸீட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொட்டகையைத் தாண்டி நூறு கஜத்தில் காஜா பேராங் வளைவு. நான் கயிற்றைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், கடைசியில் தாங்காமல் அந்தக் கையைப் பார்த்தேன். கொடி இல்லை, இரும்புக் கை இல்லை. சாமிக்கண்ணு இரண்டு கையாலும் ஸ்டேரிங்கை வளைத்தார். வலது கை பிடியை விடவில்லை. லோங்கான் விளிம்பிலிருந்து ஒரே சீராக ஒரு முழம் தள்ளி, வளைவு முழுக்க பஸ் போயிற்று. நூல் பிடித்துப் பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க முடியாது. குருபோங் போய்ச் சேர்வதற்குள் தவுக்கே தூங்கிவிட்டார்.

எழுந்ததும், கை இரண்டும் இருக்கிறதே, பிறகு எதற்கு மெஷின் என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரத்தில் பிரேக் எல்லாம் கூச்சல் போட ஆரம்பித்ததும், நூல்கண்டிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு ஸ்பானரைத் திரும்பக் கொடுத்தார்கள்.

இனி அவர்கள் இரண்டு பேரும் கட்டித் தழுவியிருப்பார்கள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அதே கடையில், அதே மேஜையில், எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். நடுவில் நான். சாமிக்கண்ணு பாதிச் சோற்றைச் சாப்பிட்டார். பிறகு மீன் துண்டு ஒன்றை வலது கையால் எடுத்து, மேஜைக்குக் குறுக்கே நீட்டி, நூல்கண்டின் தட்டில் வைத்தார். மீன் விழவில்லை.

"அந்த ஆளு நல்லா சாப்பிடட்டும்னு சொல்லு" என்றார் என்னிடம்.

"அண்ணே, நல்லா சாப்பிடச் சொல்றாரு."

நூல்கண்டு மீனைப் பார்த்தார். தட்டின் நடுவில் இல்லை, ஓரமாக இருந்தது. சட்டைப் பைக்குக் கை போயிற்று. போன கை திரும்பி வந்தது. "சரியாத்தான் வச்சிருக்காருன்னு சொல்லு" என்றார்.

இரண்டு பேரும் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கடைசிவரை நேராக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுகிறேன். ஐந்தாவது ஆள் ஏறியதும் கை கயிற்றைத் தேடுகிறது. அவர்கள் எனக்குக் கொடுத்த சேதிகளை எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். நான் அவர்களிடம் சொல்ல நினைத்த ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் நடுவில் ஆள் இல்லை.